ஒரு சொட்டு நீரும் ஒரு பிடி குப்பையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் புலவர் பெருமக்கள். கம்பனையும் இளங்கோவையும் நமக்கு அள்ளி அள்ளி வழங்கியவர்கள். நானோ மெட்ரிகுலேஷன் தேறியதும் இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். என் கை எழுதிப் பழகியவை பேரேடும் ரசீதும்தான். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கூட்டல் கழித்தல் கொஞ்சம் தெரியும். ஆகவே இன்று உங்கள் முன் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு அமரலாம் என்று வந்திருக்கிறேன். அது தண்ணீர்க் கணக்கு. அதனோடு சேர்ந்த குப்பைக் கணக்கு.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இறைவனுக்கு அடுத்த இடம் மழைக்கு என்று வகுத்த நூலைத் தலைமேல் வைத்துப் போற்றுகிற நாம், குழாயடியில் நிற்கும்போது அதை மறந்துவிடுகிறோம். மறந்தவர்களில் நானும் ஒருவன். அதை எனக்கு நினைவூட்டியது ஒரு கூட்ஸ் வண்டி.

தண்ணீர் இரயில்

2016-ஆம் ஆண்டில் நான் மிரஜ் நிலையத்தில் பணிபுரிந்து வந்தேன். அவ்வாண்டு மராத்வாடாப் பகுதியில் கொடிய வறட்சி. லாத்தூர் நகருக்குத் தண்ணீர் தரும் மாஞ்சரா அணை வறண்டு போயிற்று. தண்ணீர்த் தொட்டிகளின் அருகே மக்கள் கூட்டமாகக் கூடிச் சண்டையிடாதிருக்க, மார்ச்சு மாதத்தில் அங்கே 144 தடையுத்தரவு பிறப்பித்தார்கள். கலகம் நேர்ந்த ஊர்களில் 144 போடுவதை நாம் அறிவோம். குடத்தோடு நிற்கும் பெண்களுக்காக 144 போட்டதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அப்போது இரயில்வே இலாகா லாத்தூருக்குத் தண்ணீர் கொண்டு செல்ல முன்வந்தது. டாங்கர் வேகன்களை இராஜஸ்தானத்துக் கோட்டா பணிமனையில் நீராவியால் கழுவிச் சுத்தம் செய்து மிரஜுக்கு அனுப்பினார்கள். கிருஷ்ணா நதியின் நீரை அவற்றில் நிரப்பினார்கள். ஏப்ரல் 11-ஆம் நாள் பத்து வேகன்களில் ஏறக்குறைய 5 இலட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு முதல் வண்டி புறப்பட்டது. ஏறத்தாழ 340 கிலோமீட்டர் ஓடி, மறுநாள் விடியற்காலையில் லாத்தூரை அடைந்தது. பின்னர் 50 வேகன்கள் கொண்ட வண்டிகள் ஓடின. அவ்வண்டி ஒன்றுக்கு 25 இலட்சம் லிட்டர்.

நெல்லும் சர்க்கரையும் சிமெண்டும் நிலக்கரியும் ஏறிப் போவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, வெறுந்தண்ணீர் சரக்காக ஏறிப் போன காட்சி விந்தையாக இருந்தது. யார்டில் ஒரு வேகனின் வால்வு சரியாக மூடாமல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு மூதாட்டி வந்தாள். அந்தச் சொட்டுக்குக் கீழே தன் சொம்பை வைத்தாள். வால்வை இறுக்கும் வரையில் அங்கேயே அமர்ந்திருந்தாள். போகும்போது அந்தச் சொம்பின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சிந்தாமல் நடந்து போனாள். அந்த நடை இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். லாத்தூர் நகரின் மக்கள் தொகையை நான்கு இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டியின் 5 இலட்சம் லிட்டரைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றே கால் லிட்டர். ஐம்பது வேகன் வண்டியின் 25 இலட்சம் லிட்டரைப் பங்கிட்டால் ஆளுக்கு ஆறே கால் லிட்டர். இத்தனை எஞ்சின், இத்தனை எண்ணெய், இத்தனை பேருடைய இரவும் பகலும் செலவிட்டு, ஒரு மனிதனுக்குக் கிடைத்தது அரை வாளித் தண்ணீர்! நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும் என்று அரசாங்கம் அளவு வகுத்திருக்கிறது. அந்த அளவின்படி கொடுத்தால், ஐம்பது வேகன் நீரும் பதினெட்டாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் காணும்.

வண்டியைப் பார்த்துவிட்டு வந்த சில நாட்களில், எங்கள் குவார்ட்டர்ஸில் சமையலறைக் குழாய் ஒழுகிற்று. வினாடிக்கு ஒரு சொட்டு. “வாஷர் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்” என்று என் மனைவி பல நாட்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். “ஒரு சொட்டுதானே, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்” என்று நானும் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று இரவு பத்து மணிக்கு அதன் கீழே வாளி ஒன்றை வைத்தேன். காலை ஆறு மணிக்கு லிட்டர் படியால் அளந்தேன். ஏறக்குறைய ஆறு லிட்டர்!

அன்பர்களே, இதன் பொருள் என்ன? ஐம்பது வேகன் வண்டி லாத்தூரில் ஒரு மனிதனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பங்கை, என் வீட்டுக் குழாய் நான் உறங்கிய எட்டு மணி நேரத்தில் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டது. அந்த வண்டிக்கு வேண்டிய காகிதங்களை எழுதிய அதே கையால் ஒரு வாஷரை மாற்ற எனக்கு நேரமில்லாமல் போயிற்று. அன்று காலை வேலைக்குப் போகுமுன் கடைக்குப் போனேன்.

நம் தாயகத்துக்கும் இந்நிலை வந்தது. 2019-ஆம் ஆண்டில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் காவிரி நீரோடு முதல் வண்டி ஜூலை 12-ஆம் நாள் சென்னை வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கொண்டு வருவது திட்டம். ஒரு கோடி என்றால் காதுக்குப் பெரிதாக இருக்கிறது. ஏறக்குறைய எழுபது இலட்சம் மக்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கூட இல்லை. இதே சென்னைதான் அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், வெள்ளத்தில் மிதந்தது. வந்தபோது வைத்துக்கொள்ள இடமில்லை. வேண்டியபோது எடுத்துக்கொள்ள நீரில்லை. ஏரியையும் கால்வாயையும் தூர்த்துவிட்டு மழையை நொந்து பயன் என்ன?

சங்கமும் சங்கமும்

“அது லாத்தூர் கதை, அது சென்னைக் கதை. நமக்குக் கடக்வாஸ்லா அணை இருக்கிறது, பான்ஷேத் இருக்கிறது, புனே நகருக்கு என்ன குறை?” என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு நீர் வருவது எங்கிருந்து என்று அறிந்திருக்கிறோம். நாம் விடும் நீர் போவது எங்கே என்று எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்?

சஹ்யாத்திரி மலையில் தோன்றி வரும் முட்டா நதியும் முளா நதியும் இந்நகரின் நடுவே கூடுகின்றன. அவ்விடத்துக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் ‘சங்கம்’. சிவாஜிநகர் செல்லும் இரயில் பாதை அதன் அருகேதான் ஆற்றைக் கடக்கிறது. நாம் கூடியிருக்கும் இதுவும் சங்கம். நதிகள் கூடும் அதுவும் சங்கம். அந்தச் சங்கத்தை வண்டியின் சன்னலிலிருந்து பார்க்கும் நாம் என்ன செய்கிறோம்? மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். இந்நகரின் கழிவுநீரில் ஒரு பகுதி சுத்தம் செய்யப்படாமலே பல்லாண்டுகள் அந்த ஆற்றில் விடப்பட்டு வந்திருக்கிறது. அதில் நம் வீட்டு நீரும் உண்டு.

அந்த நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. முளா-முட்டா கிழக்கே சென்று பீமா நதியில் கலக்கிறது. பீமா நதி உஜனி அணையை நிரப்புகிறது. உஜனி நீரைச் சோலாப்பூர் மக்கள் குடிக்கிறார்கள். அங்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அணையைத் தாண்டிய பீமா, பண்டரிபுரத்தில் சந்திரபாகை என்னும் பெயர் பெறுகிறது. ஆண்டுதோறும் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பல்லக்குகள் நம் நகரின் வழியாகத்தான் செல்கின்றன. நாமும் தெருவோரத்தில் நின்று அந்த அடியார்களுக்கு மோரும் பழமும் கொடுத்துப் புண்ணியம் தேடுகிறோம். அவர்கள் பல நாட்கள் நடந்து போய்ப் பக்தியோடு மூழ்கி எழுகிற நதிக்கு, நாம் என்ன கொடுத்து அனுப்புகிறோம்? கையால் மோர் கொடுத்துவிட்டுக் குழாயால் சாக்கடை கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இன்னும் கேளுங்கள். பீமா நதி இராய்ச்சூர்ப் பகுதியில் கிருஷ்ணா நதியோடு கலக்கிறது. கிருஷ்ணா ஸ்ரீசைலம் அணைக்குச் செல்கிறது. அங்கிருந்து தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வழியாகச் சோமசிலா, கண்டலேறு ஆகிய நீர்த்தேக்கங்களைக் கடந்து, ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டு எல்லையில் புகுந்து, பூண்டி ஏரியில் விழுகிறது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் ஆளுக்கு 5 டி.எம்.சி. நீரைச் சென்னைக்கு விட்டுக்கொடுப்பதென 1976-இல் உடன்பாடு செய்தன. 1983-இல் ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. 1996-இல் கிருஷ்ணா நீர் பூண்டியை வந்தடைந்தது.

சென்னையில் இருக்கும் தாய் தந்தையர்க்கு மாதந்தோறும் மணியார்டர் அனுப்பிய தலைமுறை நம்முடையது. இப்போது வங்கி வழியாக அனுப்புகிறோம். நாம் அறியாமலே வேறொன்றையும் அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டுத் தொட்டியில் ஊற்றிய எண்ணெயும், அளவுக்கு மிஞ்சிக் கொட்டிய சோப்புத் தூளும் அந்தத் திசையில்தான் பயணம் புறப்படுகின்றன. வழியில் அணைகளும் மணலும் வெயிலும் அழுக்கில் பெரும்பகுதியைப் போக்கிவிடும். இடையே வேறு பல ஊர்களின் நீரும் கலக்கும். அதனால் சென்னையில் தீங்கு வந்தே தீரும் என்று நான் அச்சுறுத்தவில்லை. எனினும், அனுப்புகிறவர் முகவரியும் பெறுகிறவர் முகவரியும் தெரிந்தபின் மூட்டையில் எதை வைத்துக் கட்டுவது என்று யோசிக்க வேண்டாமா?

நம் சங்கத்து விருந்து

இனி நான் சொல்லப்போவது என் குற்றம். சென்ற ஆண்டு விழாவில் விருந்துக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். ஏறக்குறைய நானூறு பேருக்கு இலை போட்டோம். “டம்ளர் வைத்தால் கழுவ ஆள் வேண்டும், சிறிய தண்ணீர்ப் பாட்டில் வைத்துவிட்டால் தொல்லை இல்லை, பார்ப்பதற்கும் கௌரவம்” என்று வாதாடியவன் நானே. பாயசத்துக்கும் காப்பிக்கும் காகிதக் குவளைகள் வாங்கி வந்தவனும் நானே. விழா சிறப்பாக நடந்தது. விருந்தைப் பாராட்டாதவர் இல்லை.

மறுநாள் காலை, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக மண்டபத்துக்குப் போனேன். பின்புறத்து ஓடையின் கரையில் நம் மூட்டைகள் கிடந்தன. நாய்கள் கிழித்திருந்தன. வாழையிலையும் சோறும் குவளையும் பாட்டிலும் ஒன்றாய்க் குழைந்து கிடந்தன. பல பாட்டில்களில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. சில ஓடையில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. குப்பை பொறுக்கும் அம்மையார் ஒருவர் குனிந்து, அந்தக் குழம்பில் கைவிட்டு, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, நீரைக் கொட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு நிமிர்ந்தார். “தாதா, நீங்கள் சாப்பிட்டது ஒரு வேளை, நான் பிரித்தெடுப்பது இரண்டு நாள்” என்று மராத்தியில் சொன்னார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் என் மனம் ஒருவேளை தேறியிருக்கும்.

வாழையிலை மட்டும் தனியே கிடந்தால் மாடு தின்னும். அல்லது மக்கி உரமாகும். பாட்டில் மட்டும் தனியே கிடந்தால் காசாகும். இரண்டையும் கலந்தவர்கள் நாம். கலந்தபின் இலையும் பயனில்லை, பாட்டிலும் பயனில்லை. நல்ல சரக்கு இரண்டையும் கெடுத்து ஒரு மூட்டைக் கேட்டைச் செய்தோம். காற்றுப் புகாமல் குவிந்து அழுகும் ஈரக் குப்பையிலிருந்து மீதேன் வாயு எழுகிறது, அது தீப்பற்றும். அதிலிருந்து கசியும் கறுப்பு நீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுக்கிறது. இந்நகரின் குப்பையைப் பல்லாண்டுகள் கொட்டிய உருளி தேவாச்சி, புர்சுங்கி கிராமத்து மக்கள் தங்கள் கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று எத்தனை முறை லாரிகளை மறித்துப் போராடினார்கள்! ஆகவே குப்பைக் கணக்கும் முடிவில் தண்ணீர்க் கணக்கில்தான் வந்து சேருகிறது.

இந்நகரில் நாம் பெருமைப்பட ஒரு காரியமும் உண்டு. குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993-இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். பின்னர் 2008-இல் ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பின் மூலம், மாநகராட்சியோடு உடன்பாடு செய்துகொண்டு, வீடு வீடாகச் சென்று குப்பை வாங்கும் பணியை ஏற்றார்கள். தொட்டியில் கைவிட்டுத் துழாவியவர்கள் வாசலில் நின்று வாங்குகிறவர்கள் ஆனார்கள். நாம் இரண்டு கூடையில் பிரித்துக் கொடுத்தால் அவர்கள் கை அழுகலில் படாது. பெண்கள் பயன்படுத்தும் அணையாடைகளையும் குழந்தைகளின் டயாபரையும் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளி ஒன்றை இட்டுத் தாருங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒரு புள்ளி வைக்க எவ்வளவு நேரமாகும்? அந்தப் புள்ளி ஒரு மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை. ஈரக் குப்பை, உலர் குப்பை, தீங்கு தரும் குப்பை என்று வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு விதிகள் சொன்ன செய்தி. விதி வந்துதானா நமக்கு இது தெரிய வேண்டும்?

நாம் செய்யக்கூடியவை

“நாலு பேர் செய்து என்ன ஆகிவிடும்?” என்று கேட்பவர் இருக்கிறார்கள். ஐம்பது வேகன் வண்டியும் ஒரே தடவையில் நிரம்பவில்லை. ஒரு வேகனுக்குப் பின் ஒரு வேகனாகத்தான் நிரம்பிற்று. ஆகவே சிறிய காரியங்கள் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஒழுகும் குழாயை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்தி வைக்காதீர்கள். இன்றிரவே வாளியை வைத்து அளந்து பாருங்கள். என் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் வாளியை நம்புங்கள்.

இரண்டாவது, பல வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறோம். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் வரையில் அது வெளியே தள்ளுகிறது. அணையிலிருந்து வரும் இந்நகரத்து நீர் உப்பில்லாத மென்னீர். பெரும்பாலும் சாதாரண வடிகட்டியும் காய்ச்சுதலும் போதும். ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதால் ஆர்.ஓ. இன்றியமையாததானால், கழிக்கும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம். நம் பாட்டிமார் கழுநீர்ப் பானை வைத்திருந்தார்கள். அரிசி கழுவிய நீர் அவர்கள் வீட்டில் மாட்டுக்குப் போயிற்று. நம் வீட்டில் மாடு இல்லை. துளசிச் செடியாவது இருக்கிறதல்லவா?

மூன்றாவது, பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது குழாயில் உறைந்து அடைக்கும். ஆற்றில் படலமாய்ப் படியும். பழைய காகிதத்தால் சட்டியைத் துடைத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். சோப்புத் தூளையும் அளந்து போடுங்கள். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பது நம் மனமயக்கம்.

நான்காவது, ஊருக்குப் போகும் வழியில் கடைப்பிடிக்க வேண்டியது. முன்பு இரயில் பெட்டியின் கழிவு நேரே தண்டவாளத்தில் விழும். இப்போது பெட்டிகளுக்கு அடியில் பயோ டாய்லெட் தொட்டி இருக்கிறது. அதிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. ஆனால் பாட்டிலையும் பான் மசாலாப் பொட்டலத்தையும் அவை தின்னமாட்டா! அவற்றை உள்ளே போட்டால் தொட்டி அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு தொழிலாளி கைவிட்டு எடுக்க வேண்டும். கூஜாவில் நீர் கொண்டு போன காலம் வறுமைக் காலம் அன்று, அறிவுக் காலம்.

ஐந்தாவது, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு விழாவில் பாட்டில் வேண்டாம். காகிதக் குவளை வேண்டாம். எவர்சில்வர் டம்ளர்கள் நானூறு வாங்கிச் சங்கத்தின் சொத்தாக வைப்போம். கழுவ ஆள் இல்லை என்ற கவலை வேண்டாம். அந்தக் குழுவுக்கு என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட இலைகளைத் தனியே சேர்த்து உரக்குழிக்கு அனுப்புவோம். எஞ்சிய உலர் குப்பையை அந்த அம்மையார் கையில் சுத்தமாகக் கொடுப்போம்.

அன்பர்களே, பிழைப்பைத் தேடி நாம் இந்நகருக்கு வந்தோம். இந்த மண் நமக்கு வேலை கொடுத்தது. இந்த ஆறு நமக்கு நீர் கொடுத்தது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்த துளையைக்கூட அடைத்துவிட்டுப் போகிறோம். ஆற்றுக்கு மட்டும் அந்த நாணயம் வேண்டாமா?

அந்த மூதாட்டி சொம்பின் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிந்தாமல் நடந்து போனாள் என்று சொன்னேன். நாமும் அவ்வாறு நடக்கப் பழகுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!